முதல் ஆளாக ஓடுகிறவள்

ஏப்ரல் 13, ஞாயிறு

அன்புள்ள சுரங்க மாமாவுக்கு,

உங்கள் ஒரே அக்காவின் ஒரே மகளான வாலு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்றால் இந்நேரம் நாலு பக்கத்துக்கு முனகியிருப்பீர்கள். கடிதமே வராததால் நலம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

தேர்வு முடிந்தது. கணக்கில் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள். அது கணக்கிலேயே வராது.

விடுமுறை தொடங்கிய மறுநாளே அம்மா, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். மாத்திரைகளை அடுக்கி வைக்க வேண்டும், வாயை மூடி வைக்க வேண்டும். முதலாவதைச் செய்தேன். கடை வாசலில் ஓர் எடை இயந்திரம் இருக்கிறது. அதில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டினேன்: "மாலை ஐந்து மணிக்கு மேல் எடை குறைவாகக் காட்டும்." ஐந்து மணிக்குக் கடை வாசலில் வரிசை நின்றது, மாமா. ஒருவர் காலணியைக் கழற்றி, மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினார். இறங்கி, "ஆமா, குறைஞ்சுதான் இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கடை முதலாளி என்னை மிகுந்த மரியாதையோடு வெளியே அனுப்பினார்.

இப்போது வேறு வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மட்டும். என்ன வேலை என்று எழுத முடியாது. உங்கள் பதிலை அம்மாதான் முதலில் பிரிப்பார். ரகசியத்தை நீங்கள் காப்பாற்றுவீர்கள், ஆனால் உங்கள் பேனா காப்பாற்றாது. போன வருடம் நான் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தபோது, "அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விட மாட்டேன்" என்று கடிதத்திலேயே எழுதினீர்கள். அம்மா அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

ஒரே ஒரு குறிப்பு தருகிறேன். என் வேலை ஓடுவது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நேரம் வந்ததும் எழுந்து அறையின் மறு கோடிக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான். பிஸ்கட் உண்டு, கையோடு கூலியும் உண்டு. கண்டுபிடித்தால் உங்களுக்குப் புத்தி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா உங்களைச் சாப்பிடச் சொல்கிறார். நான் சொல்லவில்லை. அது உங்களுக்குச் சொல்லாமலே வரும்.

இப்படிக்கு,
ஆட்டாமல் இருக்க முடியாத
வாலு


ஏப்ரல் 23, புதன்

என் செல்ல வாலுவுக்கு,

(அக்கா, பிரித்தது பிரித்தாயிற்று. படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடு.)

ஓடுவதற்குக் கூலி தருகிற இடம் எனக்குத் தெரிந்து எங்கள் சுரங்கம் ஒன்றுதான். வெடி வைத்ததும் ஓட வேண்டும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிரூட்டிய அறையில் உன்னை ஓடவிட்டுக் கூலி தருகிறார்கள் என்றால், துரத்துவது யார் என்பதுதான் என் கவலை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. மலையைக் குடைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் போகப் போக நானும் என் ராட்சத விசிறிகளோடு பின்னால் போகிறேன். உள்ளே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் நான் அனுப்புகிற காற்றுதான் மூச்சு. அப்படிப்பட்ட காற்றாதிபதிக்கு, தங்குகிற தகரக் கொட்டகையில் ஒரு ஜன்னலைத் திறக்க உரிமை இல்லை. ஆறு பேர், ஒரு ஜன்னல். வெடிகாரர் திறப்பார், சமையல்காரர் மூடுவார். எனக்கு மேல்கட்டில். உட்கார்ந்தால் தலை இடிக்கும், படுத்தால் பல்லி சிரிக்கும்.

சிரிக்காதே, ஒன்று சொல்கிறேன். எனக்கென்று ஒரு ஜன்னல் வேண்டும். யாரையும் கேட்காமல் திறந்து மூட வேண்டும். ஜன்னலைத் தனியாக விற்க மாட்டார்கள் என்பதால் அதைச் சுற்றி ஒரு வீடும் வேண்டும். அதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். விவரம் பிறகு. உனக்கு ஒரு ரகசியம் இருந்தால் எனக்கு ஒன்று இருக்கக் கூடாதா?

எடை இயந்திர விஷயத்தைக் கொட்டகையில் படித்துக் காட்டினேன். சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாவே சாயங்காலம் குறையுமா?" என்று தனியாக வந்து கேட்டார்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 30, புதன்

மாமா,

அஞ்சலட்டையில் எழுதுகிறேன். இடம் குறைவு, வாய் பெரிது.

உங்கள் ஊகம் தவறு. என்னை யாரும் துரத்தவில்லை. என் பின்னால் வருகிறார்கள், அவ்வளவுதான். எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முதல் ஆளாக ஓடுகிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு புகைப்படக்காரர் வந்து நாங்கள் ஓடுவதைப் படம் பிடித்தார். வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு: பின்னால் ஓடி வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் வேகம் குறைந்துவிடுமாம்.

முனிவர்கள் வீடுபேறு வேண்டி மலை ஏறுவார்கள். வீடு பெற வேண்டி மலையிலிருந்து இறங்கப் பார்க்கிற முதல் ஆள் நீங்கள்தான். ஜன்னலுக்கு வாழ்த்துகள். எனக்கும் ஒரு கம்பி ஒதுக்கவும்.

வாலு


மே 14, புதன்

என் செல்ல வாலுவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். என் புத்தியை ஒப்புக்கொள்ளத் தயாராக இரு.

ஏற்பாடு என்று எழுதினேன் இல்லையா, அது இதுதான். வீடு வாங்கி, மாடியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் இன்னொன்று வாங்குவது எப்படி என்று கற்றுத்தரும் நிறுவனம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. செய்தித்தாளில் வந்த கூப்பனை நிரப்பி அனுப்பியிருந்தேன். இன்று, புதன்தோறும் முகாமுக்குத் தபால் கொண்டுவரும் வண்டியில், வழவழவென்று ஒரு புத்தகம் வந்தது. ஒரு கோட்டுக்காரர் சிவப்புக் காரின் மேல் சாய்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் ரயில் நிலையத்தில் படுத்தவராம்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பயிற்சிக் கட்டணம் அப்படி. நான் ஜன்னலுக்காகச் சேர்த்ததில் முக்கால் பங்கு அதற்கே போய்விடும். ஆறே மாதத்தில் திரும்ப எடுத்துவிடலாம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனாலும் மூடி வைத்துவிட்டேன். படுத்தபடியே மறுபடி புரட்டினால், நடுப்பக்கத்தில் ஒரு படம். அறை நிறைய மனிதர்கள், பணம் கட்டும் மேசையை நோக்கி ஓடுகிறார்கள். எல்லோருக்கும் முன்னால், சடை பறக்க, நீ.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், பார்.

யார் ஓடியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் வாலுவை எவனாலும் ஏமாற்ற முடியாது. ஊரையே ஐந்து மணிக்கு எடை பார்க்க வைத்தவள். அவளே ஓடுகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. கூலி என்று நீ எழுதியது கற்றுக்கொள்ளும்போதே சம்பாதிப்பதைத்தான் என்று புரிந்துகொண்டேன். முன்பணத்தைச் சாயங்காலம் திரும்புகிற அதே வண்டியிலேயே அனுப்புகிறேன். மீதியை என் சேமிப்புக் கணக்கிலிருந்து 28ஆம் தேதி நேராக அந்த நிறுவனத்துக்கு அனுப்பும்படி முகாம் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் நடுவில் விடுப்பில் வந்து வகுப்பில் சேருகிறேன். மாமாவும் மருமகளும் ஒரே வகுப்பு. முன்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி பிடித்து வை.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழன்


மே 16, வெள்ளி

அன்புள்ள மாமா,

முதலில் இதைப் படியுங்கள். பணத்தை அனுப்பாதீர்கள். அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல அம்மா பிரித்தார். வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாகப் படிக்கவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தார்.

"இந்தச் சட்டை நான் தைச்சது. உள்ளே இருக்கிற ஆளு யாரு?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த முதல் சனிக்கிழமை நல்ல வெயில். நானும் என் தோழியும் ஓர் ஓட்டலின் மாடியில் இலவசக் கூட்டம் என்ற பலகையைப் பார்த்து, குளிரூட்டிய அறையில் கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் போனோம். கோட்டுக்காரர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ரயில் நிலையம், கிழிந்த சட்டை, சிவப்புக் கார். வீடு எப்படி வாங்குவது என்பது மட்டும் வரவே இல்லை. அறையின் பின்பக்கம் ஒரு நீள மேசை. ஒரு பாதியில் பணம் கட்டும் படிவங்கள், மறு பாதியில் நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட்டுகள், மேலே ஒரு மூடி. இடைவேளை இதோ வரும் என்று மூன்று மணி நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "இன்னைக்கு மட்டும்தான், பத்து இடம்தான், முதல்ல வர்றவங்களுக்குத்தான்" என்றார். அதே நொடியில் மேசைக்காரர் மூடியைத் திறந்தார்.

நான் ஓடினேன், மாமா. பிஸ்கட்டுக்கு.

நான் ஓடுவதைப் பார்த்து ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து நாலு பேர். நான் இரண்டாவது பிஸ்கட்டை எடுப்பதற்குள் படிவ மேசையை மொய்த்துவிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் அக்கா. பிஸ்கட்டுக்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அடுத்த சனிக்கிழமையும் வர முடியுமா?" என்று கேட்டார். அவரை அட்டை அக்கா என்றே கூப்பிடுகிறேன். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தெரியாது.

அதுதான் என் வேலை. எனக்கு அது எடை இயந்திரம் மாதிரி ஒரு வேடிக்கையாக இருந்தது. பெரியவர்கள் என் பின்னால் ஓடி வந்தது சிரிப்பாக இருந்தது.

இப்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். எந்தக் கேள்வி கேட்டாலும் கோட்டுக்காரருக்கு ஒரே பதில். பேருந்து ஓட்டுநர் ஒருவர், வேலை முடிந்து சீருடையோடே வருகிறவர், "குடியிருக்கிறவங்க வாடகை தரலைன்னா என்ன பண்றது?" என்று கேட்டார். "அருமையான கேள்வி. அது இரண்டாம் நிலை வகுப்பில் வரும்" என்றார் கோட்டுக்காரர், பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டார்கள். இரண்டாம் நிலைக்குத் தனிக் கட்டணம். அங்கே போனவர்களுக்கு மூன்றாம் நிலை. கட்டடம் வாங்கக் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கக் கற்றிருக்கிறார், அவ்வளவுதான். மேடை ஏறி, கையில் காசே இல்லாமல் நாலு வீடு வாங்கினேன் என்று சொல்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் என்னிடம்தான் பேருந்துக்குக் காசு கேட்பார். நாலு வீடு என்பது அவர் இதுவரை காலி செய்த வாடகை வீடுகளின் எண்ணிக்கை.

ஜன்னல் என்று நீங்கள் எழுதியபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்காமல் சிலேடை போட்டேன்.

நேற்று அம்மா முகாம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். சாவுக்கும் விபத்துக்கும் மட்டும்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். அம்மா கையிலிருந்து வாங்கி, "விபத்துதான், எங்க மாமாவுக்கு மூளையில" என்றேன். எழுத்தர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருக்கலாம்.

இதோடு ஒரு புத்தகம் அனுப்புகிறோம். நூலகத்திலிருந்து அம்மாவின் அட்டையில் எடுத்தது. கோட்டுக்காரர் விற்கிற "ரகசியக் கையேடு" இருக்கிறதே, அதன் முதல் அத்தியாயம் இந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமேதான். எழுத்துப்பிழையைக் கூட அவர் விட்டுவைக்கவில்லை. வாடகை வராத மாதம், ஒழுகும் கூரை, வீட்டின் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் இதில் இருக்கிறது. கட்டணம் இல்லை. தாமதமானால் மட்டும் உண்டு, அதை நான் கட்ட வேண்டும் என்று அம்மா தீர்ப்பு.

நான் ஏமாற மாட்டேன் என்று நம்பினீர்கள். அது சரிதான், மாமா. நான் ஏமாறவில்லை. ஏமாற்றுகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது உங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாலு
(சுருட்டி வைக்கப்பட்டுள்ளது)


மே 25, ஞாயிறு

அன்புள்ள மாமா,

புதன்கிழமை வண்டி இறங்கியது. உங்கள் கடிதம் இறங்கவில்லை. தபால்காரரின் பையை நானே வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். நீங்கள் பணத்தை நிறுத்தினீர்களா, என் கடிதம் வந்ததா, எதுவும் தெரியாது. தெரியாமல் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று கூட்டத்துக்குப் போனேன்.

இந்த முறை அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"போயி என்ன பண்ணப் போறே?"

"ஓடத்தான் போறேன்."

அம்மா குனிந்து, என் காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டார்.

கூட்டம் நிறைந்திருந்தது. பேருந்து ஓட்டுநர் மூன்றாவது வாரமாக வந்திருந்தார். முன்பணம் கட்டியிருக்கிறார், மீதிக்கு யாரிடமோ கைமாற்று கேட்டிருக்கிறாராம். கோட்டுக்காரர் ரயில் நிலையத்தில் படுத்தார், எழுந்தார், கார் வாங்கினார். பாட்டு உச்சத்துக்குப் போனது. "இன்னைக்கு மட்டும்தான், பத்து இடம்தான்" என்றார். அட்டை அக்கா எனக்குக் கண் காட்டினார்.

ஓடினேன். எப்போதும் போல அதே வேகம். பின்னால் நாற்காலிகள் உரசும் சத்தம், காலடிகள். அக்கா பேனா மூடியைக் கழற்றிவிட்டார். நான் மேசைக்கு வந்தேன். மேசையில் நிற்கவில்லை. கிரீம் பிஸ்கட்டைக் கண் எதிரே விட்டுவிட்டு ஓடினேன், மாமா. என் தியாகங்களில் இதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கதவைத் தள்ளினேன். நடைவழி, மாடிப்படி, வரவேற்பறை, கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே தெரு.

தெருவில் நின்று முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தேன்.

எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் தொப்பியைக் கையில் பிடித்தபடி முதல் ஆள். பெரிய கைப்பையோடு ஓர் அம்மாள். காப்பிக் கோப்பையைக் கூட வைக்காமல் ஒருவர். கடைசியாக, பழக்க தோஷத்தில், நாலு வீட்டு அண்ணன். மேடையில் கோட்டுக்காரர் மட்டும் பாட்டோடு தனியாக நின்றிருப்பார்.

வெளியே பளீரென்று வெயில். பாட்டு இல்லை, விளக்கு இல்லை. ஒரு குப்பை வண்டி போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் சினிமா பாதியில் நின்ற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"எங்கேம்மா பணம் கட்டணும்?" என்றார் ஓட்டுநர்.

"இங்கே கட்ட ஒண்ணும் இல்லைங்க. நான் முதல் நாள் ஓடினது பிஸ்கட்டுக்கு. அப்புறம் ஓடினது கூலிக்கு" என்றேன்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் நன்றாகவே திட்டினார்கள், அவர்கள் மேலே திரும்பிப் போய்விட்டார்கள். காப்பிக்காரர் தெரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பொதுவாக, யாரையும் பார்க்காமல், "அப்போ வாடகை தரலைன்னா என்ன பண்றது?" என்றார்.

கைப்பை அம்மாளுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறதாம், எட்டு வருடமாக வாடகைக்கு விடுகிறாராம். அங்கேயே பதில் சொன்னார். ஆளை விசாரிக்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும், முன்பணத்தைத் தொடாமல் தனியாக வைக்க வேண்டும், ஒரு மாதம் வராவிட்டாலும் கடன் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வீடே வாங்க வேண்டும். ஓட்டுநரின் பேருந்து வருவதற்குள் இரண்டாம் நிலை வகுப்பு நடைபாதையில் முடிந்துவிட்டது.

அட்டை அக்கா இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எங்கள் மாமாவின் முன்பணத்தையும் ஓட்டுநரின் முன்பணத்தையும் திருப்பித் தரச் சொன்னேன். விதியில் இடமில்லை என்றார்.

"சரிக்கா. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன், ஓடுவேன். எந்தப் பக்கம் ஓடுவேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

பாதி கிடைத்தது. இருவருக்கும் பாதி. மீதிப் பாதி எப்போது என்றேன். முறைத்தார். அது மூன்றாம் நிலை போலிருக்கிறது. உங்கள் பாதியை அம்மா பூட்டி வைத்திருக்கிறார். என் கூலி முழுவதையும் அதோடு சேர்த்துவிட்டேன். மருந்துக்குக்கூடப் போதாது, ஆனால் சேர்த்துவிட்டேன்.

இன்று நூலகப் படிப்பறையில் ஐந்து பேர் கூடினோம். ஓட்டுநர், கைப்பை அம்மாள், காப்பிக்காரர், அம்மா, நான். யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை. சத்தம் போட்டதற்காக நூலகர் இரண்டு முறை திட்டினார். இரண்டு முறையும் நான்தான்.

மாமா, இந்தப் புதன் வண்டியிலாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். ஜன்னல் இருக்கிறதா, போய்விட்டதா, அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

வாலு


ஜூன் 4, புதன்

என் வாலுவுக்கு,

(அக்கா, இதைச் சத்தமாகவே படி.)

நீ 16ஆம் தேதி எழுதிய கடிதமும் புத்தகமும் 21ஆம் தேதியே வந்துவிட்டன. இரண்டு வண்டிகளை வேண்டுமென்றேதான் வெறுமனே அனுப்பினேன். கோபம். உன் மேல் என்றுதான் நினைத்தேன். கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்காமலே இருந்தேன். பிஸ்கட்டுக்கு ஓடிய பிள்ளையைப் பார்த்து வீட்டுப் பணத்தைக் கட்டினேன் என்று அலுவலகத்தில் போய் எப்படிச் சொல்வது? அந்த வெட்கத்துக்குப் பணமே போகட்டும் என்று கூடத் தோன்றியது. மனிதன் எவ்வளவு மடையன் பார்.

27ஆம் தேதி சாயங்காலம் சம்பளத் தாளில் கையெழுத்துப் போடப் போனேன். எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூளையில விபத்து ஆன ஆளு நீங்கதானா?" என்றார்.

முகாம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, "ஆமா, நான்தான். இப்ப தெளிஞ்சுடுச்சு. அந்தக் காகிதத்தைக் கொடுங்க" என்று வாங்கிக் கிழித்தேன். நீ கெடுத்துவிட்டதாக நினைத்த அந்தத் தொலைபேசிதான் வேலை செய்தது.

ஜன்னல் இருக்கிறது, வாலு. அப்படியே இருக்கிறது.

அந்தப் படத்தை உன் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருந்தாய். மறுபடி பார்த்தேன். உன் கண் பணம் கட்டும் மேசையில் இல்லவே இல்லை, நேராகப் பிஸ்கட் தட்டின் மேல் இருக்கிறது. கொட்டகையில் எல்லோருக்கும் பார்த்தவுடன் தெரிகிறது. எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை. நான் உன்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஓடாவிட்டால் வேறு யாரையாவது பார்த்து ஓடியிருப்பேன். அதனால் நீ சாப்பிடு. உன் கூலியை அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். போன பாதி, நான் இத்தனை வயதுக்கு மேல் படித்ததற்குக் கட்டணம்.

நூலகப் புத்தகத்தை ஆறு பேரும் படிக்கிறோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெடிகாரர் வாசிப்பார், சமையல்காரர் சந்தேகம் கேட்பார். ஒழுகும் கூரை அத்தியாயத்தில் எங்கள் தகரத்தைப் பற்றி ஒரு விவாதமே நடந்தது. தாமதக் கட்டணத்தை ஆறாகப் பிரித்துக்கொண்டோம்.

12ஆம் தேதி இறங்குகிறேன். வகுப்பு எதிலும் சேரப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை படிப்பறைக்கு வருகிறேன், மற்ற நாட்களில் வீடு பார்க்கப் போகிறேன். வாங்க அல்ல, பார்க்க. குழாயைத் திறந்து பார்க்க, பக்கத்து வீட்டில் விசாரிக்க, பத்திரத்தை வாங்கிப் படிக்க. ஓர் ஆபத்து மட்டும் இருக்கிறது. யாராவது நன்றாகப் பேசினால் என் தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும், இப்போது எனக்கே தெரிகிறது.

அதனால் உனக்கு ஒரு வேலை. கூலி பிஸ்கட், நடுவில் கிரீம் வைத்தது. போகிற வீட்டுக்கெல்லாம் நீ என்னோடு வர வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள். என் தலை ஆடுவதைப் பார்த்ததும் எழுந்து தெருவுக்கு ஓடு. நான் உன் பின்னாலேயே ஓடி வந்துவிடுகிறேன். நீ நடை பழகிய நாளிலிருந்து அதுதானே எனக்குப் பழக்கம்.

திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடு. எனக்கு வயதாகிறது.

நீ ஓடாமல் உட்கார்ந்திருக்கிற வீடு எதுவோ, அதை வாங்கிக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா